கால் பட்ட குப்பை

புதுச்சத்திரம் கிடங்கில் சாயங்கால வெயில் பிளாஸ்டிக் குவியல்மேல் மினுங்குகிறது. பணக்கார நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த குப்பை. பிரித்தெடுத்ததுபோக மிச்சத்தைக் கொளுத்துவது பொன்னாயியின் வேலை. தீப்பெட்டியோடு குனிகையில் அவள் கால், வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும் பால் டப்பாமேல் பட்டுவிடுகிறது. பதறிப்போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். “குப்பையைப் போயி கும்பிடறீங்களே அக்கா,” என்று சிரிக்கிறாள் கூட வேலை செய்யும் கௌசியா. சிரிப்பு பாதியில் நிற்கிறது. “மறுமையில இந்தப் புகைக்கு அல்லா யாரைக் கேப்பான்? அனுப்புனவங்களையா, கொளுத்துன நம்மளையா?” “எனக்கென்ன சாமி தெரியும்? கால் பட்டுருச்சு, கும்பிட்டுட்டேன்.” “அவங்க குப்பை நம்ம மேல பட்டிருக்கே, அங்க யாராச்சும் கும்பிட்டாங்களா?” பொன்னாயி குச்சியைக் கிழிக்கிறாள். புகை திரும்பி முகத்தில் அடிக்க, கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. ஒற்றிக்கொள்ளவா, துடைக்கவா என்று அவளுக்கே விளங்கவில்லை.