மேல் பட்டன்

இரண்டும் மேசைமேல் இருந்தன.

இடப்பக்கம் பிஸ்டல். வலப்பக்கம் ரிவால்வர். நடுவில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு துணி.

அவன் எதையும் தொடவில்லை.

"எதுன்னு சொல்லுங்க தம்பி. போட்டிக்குப் பேர் குடுக்கோணுமல்ல?" என்றார் சென்னியப்பன். அந்தத் துப்பாக்கிக் கழகத்தின் பயிற்சியாளர். தகரக் கூரையின் கீழ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார். "ஒண்ணப் புடிச்சா அதோடயே நிக்கோணும். மாத்தி மாத்திச் சுட்டா ரெண்டும் கைக்கு வராது."

மனைவி போன பிறகு அவன் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

பிஸ்டலை எடுத்தான்.

கழகத்துப் பிஸ்டல்தான். ஆனால் அவளைத் தவிர யாரும் அதை ஆசையாய் எடுத்ததில்லை. கைப்பிடியில் அவள் சுற்றிய கறுப்பு நாடா அப்படியே இருந்தது. அவன் விரல்களுக்கு அது சின்னது.

விசையை அழுத்தினால் போதும். சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை வலப்பக்கம் தூக்கி எறிந்துவிடும். எதையும் வைத்துக்கொள்ளாது.

கீழே வைத்தான்.

ரிவால்வரை எடுத்தான். கனம் கையில் இறங்கியது. இதில் எதுவும் வெளியே வராது. வெடித்த கூடுகள் உருளைக்குள்ளேயே கிடக்கும். திறந்து கவிழ்த்தால்தான் கொட்டும். எப்போதும் இதைத்தான் சுட்டான்.

"வாயத் தொறந்து கொட்டவே மாட்டேங்குது பாருங்க. உங்களையாட்டவே," என்பாள்.

மூன்றாம் நம்பர் மேசை அவளுக்கு. நான்காம் நம்பர் அவனுக்கு. இடையில் தடுப்பு கிடையாது. கேட்டால், "வெச்சரலாம், வெச்சரலாம்" என்பார் சென்னியப்பன். வருஷக்கணக்காய் வைத்துக்கொண்டே இருக்கிறார். அவள் சுடச்சுடச் சூடான கூடுகள் அவன்மேல்தான் விழும். தோளில். முழங்கையில். ஒருமுறை தேநீர்க் குவளையில்.

அதனாலேயே அங்கே ஒரு விதி. வரிசையில் நிற்பவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் அவன் மறந்துபோனான்.

கூடு கழுத்து வழியாக உள்ளே விழுந்தது. ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு அவன் குதித்த குதியில் வரிசை முழுக்கச் சுடுவதை நிறுத்தியது. சிரித்துச் சிரித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து வந்து, அவன் சட்டையை உருவிக் கூட்டைக் கீழே உதறிவிட்டு, எல்லோர் முன்னாலும் சூடு பட்ட இடத்தில் ஊதினாள்.

அந்தக் கூடுகூட அவனுக்கு இல்லை. சுட்ட கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் கழகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தாள்.

தழும்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, காராமணி அளவில். முதலில் சிவப்பு. காய்ச்சல் என்று படுத்தவள் எழாமலே போனபோது பழுப்பு.

இன்று காலை கண்ணாடியில் பார்த்தான்.

தேட வேண்டியிருந்தது.

"மூணாம் நம்பரு சும்மாதானுங்களே இருக்குது?"

மில்காரர் ரத்தினசபாபதி. புதிதாகச் சேர்ந்தவர். சொந்தப் பிஸ்டல். குண்டு இலக்கில் பட்டதைவிட மண்மேட்டில் பட்டதுதான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை மூன்றாம் நம்பர் மேசைமேல் வைத்தார்.

சென்னியப்பன் அவனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அது அம்மிணி நின்ன எடம். நீங்க பிஸ்டல எடுத்துக்கிட்டு அங்க நில்லுங்க தம்பி. அவர நான் அந்தக் கோடிக்கு அனுப்பிச்சுடறேன்."

அவன் மூன்றாம் நம்பர் மேசையைப் பார்த்தான். அங்கே நின்றால் அவளுடைய பிஸ்டல், அவளுடைய இடம். கூடுகள் நான்காம் நம்பரில் போய் விழும்.

நான்காம் நம்பரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"ரிவால்வர்," என்றான். "நாலாம் நம்பர்."

"பழசேவா?"

தலையசைத்தான்.

"அவரு இருக்கட்டும். அனுப்ப வேண்டாம்."

ரத்தினசபாபதிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "நம்மது கண்டபடி தெறிக்குமுங்க. போன வாரம் ஒருத்தரு மூக்குமேலயே உழுந்துருச்சு. ரெண்டு மேச தள்ளிக்கிறீங்ளா?"

"பரவால்லீங்க."

"அப்பறம் கோவிச்சுக்கக் கூடாது."

ஆறு தோட்டாக்களையும் இட்டான். உருளையை மூடினான். ரிவால்வரை, வாய் இலக்கைப் பார்த்திருக்க, மேசைமேல் வைத்தான்.

இடப்பக்கத்தில் ரத்தினசபாபதி மூச்சை இழுத்துப் பிடித்துப் பிஸ்டலை உயர்த்தினார்.

அவன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். அடுத்ததையும்.

காலரை இடப்பக்கமாகக் கொஞ்சம் விலக்கிவிட்டான்.

"தம்பி, மேல் பட்டன்!" பின்னாலிருந்து சென்னியப்பன்.

காதுக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

முதல் வெடி.

அவன் அசையாமல் நின்றான்.