முந்திப் பொரிந்த முட்டைகள்

குளிர்கடலின் அடியில் செம்பி, வரிச்சி என்று இரண்டு இறால் தோழிகள் இருந்தார்கள். ஒரே நாளில் முட்டை போட்டு, வயிற்றடியில் ஒட்டவைத்துச் சுமந்து திரிந்தார்கள். செம்பிக்குப் பொறுமை கிடையாது. "இந்தக் குளிருல எத்தனை மாசம்டி சுமக்குறது?" என்று சொல்லிவிட்டு, மேலே வெதுவெதுப்பான தண்ணீருக்குப் போய்விட்டாள்.

அந்தச் சூட்டுக்கு முட்டைகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. ஒரு மாதத்திலேயே உள்ளே கறுப்புக் கண்கள் தெரிந்தன. செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கீழே நீந்திப் போய், "ஏன்டி, உன் முட்டைக்கு இன்னும் கண்ணே வரலையா?" என்று கேட்டாள்.

"வர்றப்ப வரட்டும்" என்றாள் வரிச்சி.

பனிக்காலம் முடியுமுன்பே செம்பியின் முட்டைகள் பொரிந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. "என்ன சுத்தம்!" என்று பூரித்தாள். தின்ன ஒரு துணுக்குப் பாசி இல்லாமல் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

வெயில் ஏறிக் கடலெல்லாம் பச்சைப் பாசி மிதந்தபோதுதான் வரிச்சியின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வயிறு பச்சையாகும்வரை தின்றன.

செம்பி ஓரமாக நின்று பார்த்தாள்.

"உன் பிள்ளைங்க எங்கடி?" என்றாள் வரிச்சி.

"என் பிள்ளைங்கதான் முதல்ல பொறந்துச்சு" என்றாள் செம்பி, மெதுவாக.