பச்சை வட்டு

"இந்தப் பச்சையை உன் வீட்டுக்காரன்கிட்டதானே பார்த்திருக்கேன், நேஜா?"

வாசலில் நின்ற ஸ்ட்ராவ்கோ உள்ளங்கையை விரித்தான். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் ஊன்றும் குச்சி புதைந்து போகாமலிருக்க, அதன் அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் வட்டு. அசல் கிளிப்பச்சை. ஊரிலேயே அந்த நிறம் அவள் புருஷன் டினேயிடம் மட்டும்தான் உண்டு. எல்லையைத் தாண்டிப் போய், ஆஸ்திரியச் சந்தையில் தேடிப் பிடித்துப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தவளே நேஜாதான்.

நேஜா வட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"எங்கண்ணே கிடைச்சுது?"

"கருங்கொம்புச் சரிவுல. காலையில பனி மொத்தமா சரிஞ்சுதுல்ல, அந்தக் குவியல் மேல கிடந்துது." மீட்புக் குழுவுக்கு அவன்தான் தலைவன். தாடியெல்லாம் பனி அப்பியிருந்தது. "பசங்க கம்பியால குத்திப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. மேல இன்னொரு பனிப்பாளம் தொங்குது, எப்ப விழுமோ. மோப்ப நாயைக் கொண்டு வர்ற ஹெலிகாப்டர் மூட்டத்துல இறங்க முடியலை. உள்ள ஆள் இருக்கானான்னே தெரியாம எத்தனை நேரம் இவங்க உயிரைப் பணயம் வைக்கிறது? இது யாரோடது, அந்த ஆள் பத்திரமா இருக்கானா, அது தெரிஞ்சா போதும்."

நேஜாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புதுப்பனி கொட்டிய நேற்றே அந்தச் சரிவுக்குத் தடை போட்டாயிற்று. டினேயோ சறுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைப்பவன். போன வருஷம் இதே மாதிரி தடையை மீறி மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை போனால் லைசென்ஸ் காலி என்று எச்சரிக்கை வாங்கியவன். லைசென்ஸ் போனால் பிழைப்புக்கு என்ன வழி? பாவி மனுஷன், குழந்தைகளுக்கு வகுப்பு என்று சொல்லிவிட்டு அங்கேதான் போய்த் தொலைந்திருக்கிறான்! நல்லவேளை, முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். இதோ, கீழறையில் அக்கார்டியன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்க்கிறான்.

"உங்க வீட்ல எல்லாரும் பத்திரமா இருக்கீங்கள்ல?"

"இருக்கோம்ணே. இவரு கீழ இருக்காரு. அலேஷ் விடிகாலை பஸ்லயே லியூப்லியானாவுக்குப் போயிட்டான். நாளைக்குக் காலேஜ்ல பரீட்சை." மகனுக்குக் கட்டிக் கொடுத்ததுபோக மீதி வால்நட் ரொட்டி மேஜைமேல் இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி நீட்டினாள். "சாப்பிடுங்க."

"டினேயைக் கூப்பிடேன். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

"அவரை எதுக்குண்ணே?" நேஜா கீழறைக் கதவை மறித்து நின்றாள். "அதைத் தொலைச்சது நான்தான். முந்தாநாள், தடை போடறதுக்கு முன்னாடி, அவரு குச்சியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். எங்கேயோ கழண்டு விழுந்துடுச்சு. தெரிஞ்சா மனுஷன் வள்ளுனு விழுவாரு. சொல்லிடாதீங்கண்ணே."

ஸ்ட்ராவ்கோ அவளையே உற்றுப் பார்த்தான். "விளையாட்டு இல்லை நேஜா. நிஜமாத்தான் சொல்றியா?"

"என் பிள்ளை மேல சத்தியம்."

அவன் முகம் தெளிந்தது. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தான். "வட்டுக்காரங்க வீட்லதான் இருக்காங்க. உள்ள யாரும் இல்லை. பாளம் விழறதுக்குள்ள எல்லாரும் கீழ இறங்குங்க." வட்டை அவள் கையில் வைத்துவிட்டு, ரொட்டியை மென்றபடி வண்டியில் ஏறிப் போனான்.

நேஜா ஓடிப்போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கொதிநீரில் முக்கினால் வட்டு இளகும். திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். டினேயின் அடுத்த குச்சியில் மிச்சமிருக்கிற இன்னொரு பச்சையையும் அப்படிக் கழற்றிவிட்டு, பழைய கறுப்பு வட்டுகளை மாட்டிவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் சந்தேகம் வராது. இழுப்பறையைத் துழாவினாள். கறுப்பு வட்டுகளைக் காணோம்.

"என்னத்தைத் தேடறே?" டினே படியேறி வந்தான்.

"பண்றதையும் பண்ணிட்டுக் கேள்வி வேறயா? உங்களால பொய்ச் சத்தியம் பண்ணிட்டு நிக்கிறேன்! கருங்கொம்புல போய்ச் செத்துத் தொலைஞ்சிருந்தா என் கதி என்ன? குச்சியைக் கொண்டாங்க. இன்னொரு பச்சையையும் கழட்டணும்."

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? நாள் பூரா பள்ளிக்கூடத்து மேட்டுல வாண்டுங்களோட மல்லுக்கட்டிட்டு இப்பதான் வந்தேன்." கீழே போய்க் குச்சிகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் ஊன்றினான். "பாரு."

இரண்டிலும் கறுப்பு வட்டு.

நேஜா இரண்டு குச்சிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப... பச்சை?"

டினே தலையைச் சொறிந்தான். "கத்தக் கூடாது, சொல்லிட்டேன். அலேஷோட குச்சியில இருந்தது சின்ன வட்டு, புதுப்பனியில பொசுக்குனு புதையும். 'ஒரே ஒரு தடவை சறுக்கிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிடறேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்கப்பா'ன்னு கெஞ்சினான். நேத்து நான்தான் பச்சையைக் கழட்டி அவன் குச்சியில மாட்டிக் குடுத்தேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் நேஜா வெறுங்காலோடு பனியில் இறங்கி, எப்போதோ வளைவைத் தாண்டிப் போய்விட்ட வண்டியின் பின்னால் ஓடினாள். "பொய்ண்ணே! நான் சொன்னதெல்லாம் பொய்! தோண்டுங்கண்ணே, தோண்டுங்க!"