பின்சீட்டு

கரும்பு வெட்டிவிட்டு வந்ததிலிருந்து சுப்பராயலுவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. காணை ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் மட்டும் சுப்பராயலுவின் மனைவி சின்னபொண்ணுவிடம் அழுத்திச் சொன்னார்.

"இது அசத்தும்மா, தூக்கம் தூக்கமா வரும். இத போட்டுகினு அண்ணன் வண்டி ஓட்டக்கூடாது. சரக்கும் தொடக்கூடாது."

மறுநாள் காலை திண்டிவனத்தில் காதுகுத்து. பைக் சாவியைச் சின்னபொண்ணு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒரு மாத்திரைக்கு இவ்ளோ பேஜாரா? சாவியைக் குடு."

"தரமாட்டேன். பக்கத்து வீட்டு வல்லரசும் அங்கதான் போறான். அவன் பின்னாடி உக்காந்துகினு போங்க. நீங்க தூங்கினாலும் அவன் முழிச்சிகினு இருப்பான்."

காலை எட்டு மணிக்குச் சுப்பராயலு முணுமுணுத்துக்கொண்டே வல்லரசுவின் பைக்கில் ஏறினார். விழுப்புரம் தாண்டினால் ஹைவே, ஒரு மணி நேரத்தில் திண்டிவனம்.

பதினொரு மணியாகியும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. மூன்று முறை போன் போட்டாள். மணி அடித்ததே தவிர அவர் எடுக்கவில்லை.

வல்லரசுவின் மனைவி கவிதா வேலியோரம் வந்து நின்றாள்.

"எங்கூட்டுக்காரரும் எடுக்கலக்கா. மேளச் சத்தத்துல கேக்கல போல. அந்த அரிப்பு மாத்திரை இன்னும் ரெண்டு இருக்குமா?"

"யாருக்குடி?"

"அவருக்குத்தான். அவரும் கூடத்தானே கரும்பு வெட்டினாரு. கிளம்பறப்ப சொறிஞ்சிகினே இருந்தாருன்னு அண்ணன்தான் ஒண்ணு குடுத்தாரு. போட்டுகினுதான் வண்டியை எடுத்தாரு."

சின்னபொண்ணுவின் கை முந்தானை முடிச்சைப் பற்றிக்கொண்டது.

"இன்னாக்கா ஆச்சு? கடைக்காரரு அதப் பத்தி எதுனா சொன்னாரா?"