சீனி போடாத போத்தல்

குசினிச் சன்னலுக்கு வெளியே சியாகுல்லி ஊரின் பின்னேர வெயில் அத்திமரத்தின் மேல் அசையாமல் கிடக்கிறது. வைகாசியில் செத்துப்போன பீலிக்ஸ் நட்ட மரம் அது. இந்த வருடமும் ஒரு குறையும் வைக்காமல் காய்த்துத் தள்ளியிருக்கிறது. தின்று தீராத பழமெல்லாம் குளிர்காலத்து ஜாமுக்காக அடுப்பில் கொதிக்கிறது. அவர் மனைவி விமலராணி அகப்பையால் துழாவியபடி நிற்கிறாள். ஒரு சொட்டு மணிக்கட்டில் தெறிக்கிறது, அவள் துடைக்கவில்லை. பழம் குழைந்ததும் கொஞ்சத்தைச் சின்னப் போத்தல் ஒன்றில் வழித்து மூடுகிறாள். பிறகுதான் சட்டிக்குள் சீனியைக் கொட்டுகிறாள். மற்றப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருக்கும் மகள் அனிற்றாவின் கை அப்படியே நிற்கிறது. சீனி வருத்தக்காரரான அப்பாவுக்கென்று ஒவ்வொரு வருடமும் முதலில் எடுத்து வைக்கும் பங்கு அது. “அம்மா…” என்கிறாள். விமலராணி போத்தலைப் பார்க்கிறாள். “ஓம்,” என்கிறாள். சீனி கரைந்து சட்டி மினுங்கத் தொடங்குகிறது. “திரும்பச் சட்டிக்குள்ளை போடுவமே அம்மா?” “விடு பிள்ளை. சீனி இல்லாதது மாரி வரைக்கும் தாங்காது. முதல்லை அதைத்தான் சாப்பிட்டு முடிக்கவேணும்.” போத்தல் ஆறட்டும் என்று விட்டுவிட்டு பிரிட்ஜைத் திறக்கிறாள். மேல்தட்டில் பீலிக்ஸ் வழக்கமாகக் கைவைக்கும் மூலையிலிருந்து பால் பக்கற்றை நகர்த்தி, இடம் பண்ணுகிறாள்.