வல்லூறு கத்திய மத்தியானம்

ஒரு புங்க மரத்தில் இரண்டு கரிச்சான் குருவிகள், புருஷனும் பெண்டாட்டியுமாக, மூன்று முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தன. இரண்டு நாளாக ஒரு காக்கை கூட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. காக்கைக்கு வல்லூறு என்றால் குலைநடுக்கம். அதனால் வல்லூறு மாதிரியே கத்தி அதை விரட்டிவிடுவதென்று பெண்டாட்டிக் கரிச்சான் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

கரிச்சான்களுக்கு எந்தப் பறவையின் குரலும் சுலபமாக வந்துவிடும். இது மட்டும் அவள் தொண்டையில் பாதியிலேயே உடைந்தது. ராப்பகலாகக் கத்திப் பார்த்தாள்.

“கொஞ்சம் தூங்கேன்டி,” என்றான் புருஷன்.

“தூங்கினா கத்துக்கிட்டதுகூட மறந்துபோயிடும்ங்க!”

மூன்றாம் நாள் மத்தியானம், முட்டைமேல் உட்கார்ந்தபடியே அவளுக்குக் கண் சொருகிவிட்டது. புருஷன் பூச்சியோடு திரும்பும்போது காக்கை கூட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது.

“கீ... கீயூ!”

வல்லூறு! காக்கை விழுந்தடித்துக்கொண்டு பறந்தது. புருஷனும் நடுங்கிப்போய் வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. பெண்டாட்டியைப் பார்த்தான். மூடிய கண் மூடியபடி இருக்க, அவள் தொண்டை துடித்தது. மறுபடியும் அதே “கீயூ!”, ஒரு பிசிறு இல்லாமல்.

“அடியே! அடியே!” என்று அவன் கிளைக்குக் கிளை தாவிக் குதித்தான்.

அவள் பதறி விழித்தாள்.

“இப்ப வல்லூறு கத்துச்சுல்ல? என்ன சுத்தமா கத்துச்சு! தூங்கித் தொலைச்சிட்டேனே! முழிச்சிருந்தா இந்நேரம் நானும் கத்துக்கிட்டிருப்பேன்!”