தீர்த்தக் கிண்ணம்

ஜெலுத்தோங் பிளாட்டின் நடைவழியில் கொசுமருந்துப் புகையின் நெடி இன்னும் அடங்கவில்லை. பூச்சட்டி, குளியலறை வாளியெல்லாம் பார்த்து முடித்த சுகாதார அதிகாரி ஹக்கீம், வாசற்கதவோரம் சுவரில் மாட்டியிருக்கும் தீர்த்தக் கிண்ணத்துக்குள் டார்ச் அடிக்கிறார். வெளிச்சத்தில் நூல் நூலாகப் புழுக்கள் நெளிகின்றன. “ஏடிஸ் கொசுதான் அக்கா. லோங்காங் சாக்கடை அழுக்குத் தண்ணியில வர்றது வேற ஜாதிலா. இது வீட்டுக்குள்ள, சுத்தமான தண்ணியிலதான் முட்டை போடும்.” பிலோமினா கிண்ணத்தையே பார்க்கிறாள். சாமியார் மந்திரித்த தண்ணீரைக் கீழே கொட்டக்கூடாதென்று, குறையக் குறைய நிரப்பி மட்டுமே வந்தவள். அதில் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுத்தான் மகள் பெவர்லியைத் தினமும் பள்ளிக்கு அனுப்பினாள். டெங்கியில் போன பிள்ளையை நேற்றுதான் அடக்கம் செய்தார்கள். “ஊத்திரவா அக்கா?” என்கிறார் ஹக்கீம். அவள் விரல் தன்னால் கிண்ணத்துக்குள் போய் நனைந்து, இடுப்புயரத்துக்கு இறங்கி, மகளின் நெற்றி இல்லாத காற்றில் நிற்கிறது.